மணமேடை நாற்காலி தந்த புண்

என் புட்டத்தில் வந்த ஒரு புண்ணைப் பற்றி எழுதப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து படிக்கலாம். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. நாசூக்காகச் சொல்லிச் சொல்லித்தான் யாருக்கும் ஒன்றும் தெரியாமல் கிடக்கிறது.

எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. பள்ளிக்கூடம் முடித்த வருஷம், முகையூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை ஏற்றிய டிராக்டரில் மூட்டைக்கு மேல் உட்கார்ந்து வந்தேன். டிராக்டர் கவிழ்ந்து முதுகெலும்பு முறிந்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம். அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான். திண்டிவனத்தில் பத்திர ஆபீஸ் இருக்கிற தெருவில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேருடைய மனுவை அடித்துக் கொடுத்தது நான்தான். என் பிழைப்புக்குக் கால் தேவையில்லை. உட்கார முடிந்தால் போதும். உட்கார முடியாமல் போனால் கடை இல்லை, சம்பாத்தியம் இல்லை, தம்பி வீட்டில் ஒரு கட்டில்தான் மிச்சம்.

நடக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் வலிக்கும். நெளிவீர்கள், காலை மாற்றிப் போடுவீர்கள். அதை நீங்கள் கவனிப்பதுகூட இல்லை. எனக்கு வலிக்காது. உடம்பு எதையும் சொல்லாது. அதனால் நானாகவே இரண்டு கையையும் ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். என் நாற்காலியில் காற்றடைத்த மெத்தை ஒன்று உண்டு. குமிழ் குமிழாக இருக்கும். எலும்பு ஒரே இடத்தை அழுத்தாமல் அதுதான் பார்த்துக்கொள்ளும். மெத்தையும் கையும் இருக்கிற வரைக்கும் நான் நன்றாகத்தான் இருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் புயல் வந்து ஊருக்குள் வெள்ளம் புகுந்த அன்றைக்குத் தம்பி ஏழுமலை வீட்டில் இல்லை. அவன் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்ட முடியாமல் வண்டிகளோடு வண்டியாக மாட்டிக்கொண்டான். வீட்டில் நானும் அவன் பெண்டாட்டி தனமும் பிள்ளைகளும். தண்ணீர் வாசற்படி ஏறி, கட்டில் கால் ஏறி, என் நாற்காலியின் சக்கரத்தில் பாதிக்கு வந்தது. அப்போதுதான் தெருப் பையன்கள் ஒரு படகோடு வந்தார்கள். முன்னால் நின்றவன் சதீஷ். செல்போன் ரிப்பேர் செய்கிறவன். நல்ல பையன். அவன் நல்லவன் என்பதுதான் இங்கே சிக்கல்.

“யக்கா, பயப்படாதீங்க. நாங்க கீறோம்.”

“டேய், என் சேரையும் எடுத்துக்குங்கடா.”

“சாமான்லாம் அப்பறம் பாத்துக்கலாங்கா. மொதல்ல உயிரு. சாமான் ஒண்ணும் படகுல ஏத்தக் கூடாதுன்னு ஆபீசரு சொல்லிக்கிறாரு.”

“அது சாமான் இல்லடா!”

இரண்டு பேர் என்னைத் தூக்கியாகிவிட்டது. ஒருவன் கை என் அக்குளில், இன்னொருவன் கை முட்டிக்கு அடியில். மூட்டையை மடக்கித் தூக்குவதுபோல. படகில் இடம் போதவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கட்டு இருக்கிறது, அக்காவுக்குச் சரிப்படாது என்று யாரோ ஞாயம் சொன்னார்கள். தனத்தையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். என்னைத் தனியாகக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். என் உடம்பைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளிடமிருந்து என்னைப் பிரித்துவிட்டு, பத்திரமாகச் சேர்த்துவிட்டோம் என்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

மண்டபத்தில் தரையெல்லாம் ஜனம், ஈரம். அங்கே இருந்ததிலேயே நல்ல நாற்காலி எது என்று சதீஷ் தேடினான். மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் வரவேற்புக்கு உட்காருகிற சிம்மாசனம் இருந்ததே, சிவப்பு வெல்வெட்டு, தங்கப் பெயிண்ட், கைப்பிடியில் சிங்க முகம், அதைத் துடைத்து என்னை அதில் உட்கார வைத்தான். மரியாதைக்குத்தான். வெல்வெட்டுக்கு அடியில் வெறும் பலகை. இரண்டு பேர் உட்காருகிற அகலம். ஒரு சிங்கத்தை எட்டினால் இன்னொரு சிங்கம் எட்டாது. கை ஊன்றி உடம்பைத் தூக்க வழியே இல்லை.

கீழே இருந்து ஓர் அம்மா கேட்டார். “கல்யாணப் பொண்ணு மாதிரியே கீறியேம்மா, மாப்ள எங்க?”

“படகுல வந்துக்கினு இருக்கான்” என்றேன். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு சிரிக்கவில்லை. “சதீஷு, என்னக் கீழ படுக்க வைடா” என்று கேட்டேன்.

“ஐய, தரை சில்லுனு கீதுக்கா. நீங்க போய்க் கீழ படுக்கறதா? சும்மா ராணி மாதிரி உக்காருங்க.”

கூச்சத்தில் கேட்கிறேன், பிறருக்குத் தொந்தரவு என்று கேட்கிறேன் என நினைத்துவிட்டான். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒருத்தி தன் பிள்ளைக்குப் போர்த்தியிருந்த போர்வையை எடுத்து என் தோளில் போட்டாள். கக்கூசுக்குப் போகும் வழியில் உயரமான படி என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருந்தேன். ஈரப் பாவாடையோடு, ஊர் பார்க்க, மேடையில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வடிந்து ஏழுமலை வந்து சேர்கிற வரைக்கும் அங்கேதான்.

வீட்டுக்கு வந்து என்னைக் குளிப்பாட்டும்போது தனம்தான் பார்த்தாள்.

“அண்ணி, இங்க ஒரு எடம் கறுத்துக் கெடக்குது. சின்னதாத்தான்.”

தெருமுனை கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள். களிம்பு போட்டோம். சில நாளில் நடுங்கிக்கொண்டு காய்ச்சல் வந்தது. அப்புறம் ஒரு நாற்றம். அறைக்குள் எலி செத்துவிட்டது என்று ஏழுமலை பீரோவை நகர்த்தித் தேடினான். அந்த நாற்றம் என்னிடமிருந்துதான் வந்தது.

விழுப்புரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெயர் வேண்டாம். காத்திருக்கும் இடத்தில் இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. படுக்க இடமில்லை. உட்கார்ந்ததால் வந்த புண்ணைக் காட்ட உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். நான் சத்தம் போட்டேன். ஏழுமலை என் கையைப் பிடித்து அழுத்தினான். “யக்கா, கத்தாத. பாக்கறாங்க.” “பாக்கட்டும்டா” என்றேன். ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. கத்தாமலிருந்தால் வந்திருக்காது.

டாக்டரம்மா இளம் வயதுக்காரர். கையுறை போட்ட விரலைப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை, தனத்தின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

“பரிமளா, உங்களுக்கு ஒளிக்காம சொல்றேன். மாம்பழத்துல வண்டு பூந்த மாதிரி. வெளிய சின்ன ஓட்டை, உள்ள பூராவும் போயிருக்கு.”

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். உட்காரும்போது நம் பாரமெல்லாம் அடியில் இருக்கிற இரண்டு எலும்பில் இறங்குகிறது. எலும்புக்கும் பலகைக்கும் நடுவில் சதை நசுங்குகிறது. நசுங்கிய இடத்துக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத சதை சாகும். முதலில் எலும்பை ஒட்டிய சதை சாகிறது, தோல் கடைசியில்தான். தோலில் தெரியும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். செத்த சதையில் கிருமி வளரும். அது ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல், நடுக்கம், பிறகு ஆளே போய்விடலாம். எனக்குக் கலந்திருந்தது.

“மறுபடி உக்கார முடியுமா?” என்று கேட்டேன். பிழைப்பேனா என்று கேட்கவில்லை.

“எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு பாக்கணும். முதல்ல காய்ச்சல் இறங்கட்டும்” என்றார். அது பதில் இல்லை. அவருக்கும் அது தெரிந்தது.

சீழை ஒரு குப்பியில் எடுத்து அனுப்பினார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று வளர்த்துப் பார்க்கிற சோதனை. எலும்புக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் தள்ளியபோது மூச்சு முட்டியது. ஓட முடியாதவளை ஒரு குழாயில் செருகி, ஆடாமல் இரு என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்துகூட அதிகம் தேவைப்படவில்லை. பிறகு புண்ணுக்குள் ஒரு நுரைத் துண்டை வைத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, குழாய் போட்டு ஒரு மெஷினில் மாட்டினார்கள். அது கழிவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பகலில் அந்தச் சத்தம் தெரியாது. ராத்திரியில் யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டிரா போட்டுக் காலி டம்ளரை உறிஞ்சுவதுபோலக் கேட்கும்.

எலும்புக்குப் போகவில்லை என்று முடிவு வந்தது. அடுத்தது பெரிய ஆபரேஷன். தொடைப் பக்கத்து நல்ல சதையை வெட்டி, ரத்த ஓட்டம் அறாமல் திருப்பிக் கொண்டுவந்து, குழியை மூடித் தைப்பது. அது ஒட்டிக்கொண்டால் உட்காரலாம். ஒட்டாவிட்டால் இன்னொரு தடவை வெட்ட அங்கே அவ்வளவு சதை கிடையாது. டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். “பல வாரம் குப்புறத்தான் படுக்கணும். இடுப்பை மடக்கக் கூடாது. யாராவது மடக்கித் தூக்கினா தையல் பிரிஞ்சுடும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் கழிந்தது. வெளியில் வாங்கின மருந்துக்கெல்லாம் ஏழுமலை கூடுதலாக வாடகைக்கு ஓட்டினான். எவ்வளவு என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்பிருந்தே என்னைக் குப்புறத்தான் போட்டிருந்தார்கள். குப்புறப் படுத்தால் உலகம் தரைதான். மூன்றாவது மாடி, பெண்கள் வார்டு, ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட மறந்துபோனது. ஆட்களைச் செருப்பை வைத்து அடையாளம் கண்டேன். வெள்ளைக் கட்டு ஷூ டாக்டரம்மா. கிரீச்சென்று இழுக்கிற ரப்பர் செருப்பு ஆயா. பக்கத்துக் கட்டில் கோட்டக்குப்பம் பாத்திமாம்மா. சர்க்கரையில் ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள். அவருடைய ஒற்றைச் செருப்பு கட்டிலுக்கடியில் எப்போதும் எனக்கு நேராகக் கிடக்கும்.

“இன்னோண்ண வூட்ல வச்சிட்டு வந்துட்டேன்மா” என்பார். “என் மவன் துபாய்லேர்ந்து ஜோடி ஜோடியா அனுப்பறான். பாதி வேஸ்ட்டு.”

கழுத்தை ஒருபக்கமாகத் திருப்பியே வைத்து எனக்கு மனித முகமே மறந்துவிடும்போல இருந்தது. ஒருநாள் அழுதேன். தனம் தரையில் ஒரு பழைய புடவையை விரித்து, கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டாள். நான் தலையைக் கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டினால் அவள் முகம் நேர் கீழே.

“இப்ப பேசுங்க அண்ணி.”

“பைத்தியக்காரி. எழுந்திரு, மிதிச்சுடப் போறாங்க.”

“மிதிச்சா மிதிக்கட்டும். முட்ட சாப்டுங்க மொதல்ல. டாக்டரு சொல்லிக்கிறாங்க, முட்டதான் தோலாவுமாம்.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கும் எனக்கும் ஆகாது. குழம்புக்கு உப்பிலிருந்து டிவி சத்தம் வரைக்கும் சண்டை. அவள் அங்கே கிடந்தபடி முட்டையைப் பிய்த்து, கையைத் தூக்கி என் வாயில் போட்டாள். மஞ்சள் கரு அவள் கண்ணிலேயே உதிர்ந்தது.

ஆபரேஷன் முடிந்தது. தையல் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு மத்தியானம், சாப்பாட்டு வண்டி வந்துபோன நேரம், மணி அடித்தது. நிற்காமல் அடித்தது. கீழ் மாடியில் கரண்ட் பெட்டியிலிருந்து புகை என்று யாரோ கத்தினார்கள். ஒரு சிஸ்டர் ஓடிவந்து வாசலில் நின்றார்.

“நடக்க முடிஞ்சவங்கல்லாம் படிக்கட்டு வழியா கீழ போங்க! முடியாதவங்க அப்படியே இருங்க, ஆளு வருவாங்க!”

நூற்றுக்கணக்கில் கால்கள் என் கண் முன்னால் ஓடின. செருப்பு, வெறுங்கால், பிளாஸ்டர், குழந்தையின் கால். அப்புறம் ஒன்றுமில்லை. வெறும் தரை. ஒரு சாத்துக்குடி உருண்டுகொண்டிருந்தது. தனம் பிளாஸ்க்கில் டீ வாங்கக் கீழே போயிருந்தாள்.

ஆள் வரவில்லை.

எழுதி வைத்த திட்டம் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது. சுவரில் பச்சைப் பலகை, அதில் ஓடுகிற மனிதனின் படம், அம்புக்குறி. படத்தில் இருக்கிறவன் ஓடுகிறான். அவனை வரைந்தவனுக்கு வேறு யாரையும் தெரியாது. எனக்கு அந்தத் திட்டத்தில் இருந்த ஒரே வேலை, அப்படியே இருப்பது.

“பாத்திமாம்மா, கீறீங்களா?”

“எங்கம்மா போவறேன், பறந்தா?”

புகை வாசனை வந்தது. ரப்பர் கருகுகிற வாசனை. மெஷினை ஆபரேஷனோடு கழற்றிவிட்டிருந்தார்கள், ஆனால் தையலில் செருகிய குழாய்கள் இருந்தன. கட்டிலிலிருந்து விழுந்து கையால் தவழ்ந்து போகலாம். போனால் தையல் போகும். போகாவிட்டால் உயிர் போகலாம். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். இப்படி ஒரு கணக்கை எவனும் எனக்கு வைத்திருக்கக் கூடாது என்ற கோபம்தான் பயத்தைவிட அதிகமாக வந்தது.

முதலில் வந்தது தனம். கூட்டம் இறங்குகிற படிக்கட்டில் எதிர்த்து ஏறியிருக்கிறாள். ரவிக்கை கிழிந்திருந்தது, பிளாஸ்க் இன்னும் கையில். அவளுக்குப் பின்னால் இரண்டு செக்யூரிட்டி ஆட்கள். ஒருவன் நேராக என் அக்குளில் கை கொடுத்தான். இன்னொருவன் முட்டியைப் பிடித்தான்.

“கைய எடு!” என்று அலறினேன். “மடக்காத!”

“யம்மா, புகை வருது, ஜல்தியா போவணும். பேஜாரு பண்ணாதீங்க.”

“மடக்கினா நான் செத்த மாதிரிதான். மெத்தையோட இழு. குப்புறவே இழு.”

“அதெல்லாம் நேரமில்லம்மா…”

தனம் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். “அவங்க சொல்றத கேளுய்யா. அவங்க ஒடம்பு, அவங்களுக்குத் தெரியும்.”

பக்கத்துக் கட்டிலிலிருந்து பாத்திமாம்மா குரல் கொடுத்தார். “சண்ட போடறதுக்குள்ள என்னத் தூக்கிடுங்கப்பா. நான் ஒரு கால் கம்மி, பாரம் இருக்காது.”

அடுத்து அவரைத்தான் என்று சொல்லிவிட்டு, என்னை மெத்தையோடு தரைக்கு இறக்கினார்கள். தனமும் சேர்ந்து மூலைகளைப் பிடித்து, படிக்கட்டில் தலை மேலாக, மெல்ல வழுக்கவிட்டு இறக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் தாடை இடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாதி வழியில், மாடிக்கும் மாடிக்கும் நடுவில் திரும்புகிற இடத்தில், கீழேயிருந்து குரல் வந்தது. புகை நின்றுவிட்டது, ஒன்றுமில்லை, எல்லாரும் மேலே போகலாம்.

செக்யூரிட்டி ஆட்கள் மெத்தையை அங்கேயே போட்டுவிட்டு, “லிப்ட்டு போட்டதும் வர்றோம்” என்று இறங்கிவிட்டார்கள். லிப்ட்டைப் போட வெகுநேரம் ஆனது. இறங்கின கால்கள் எல்லாம் திரும்ப ஏறின. என்னைச் சுற்றி, என் கை விரலுக்குப் பக்கத்தில், சில என் மெத்தையின் மேலேயே. “யாரும்மா இது நடுவுல?” என்று ஒருவர் கேட்டார். மேலேயும் போக முடியாமல், கீழேயும் போக முடியாமல், குப்புற, ஒரு படிக்கட்டின் முக்கில் கிடந்தேன். தனம் என்மேல் புடவையை இழுத்துவிட்டு, மெத்தைக்கு முன்னால் காலை அகட்டி உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நல்ல திட்டு நான்கூட திட்டியதில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். அவருடைய வெள்ளை ஷூ ரொம்ப நேரம் அசையாமல் நின்றது.

“ஒரு மூலையில விட்டிருக்கு. விரல் நுனி அளவு. மத்ததெல்லாம் பிடிச்சிருக்கு. மடக்காம கொண்டுபோனதாலதான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கும் தீ விபத்து டிரில்லுல நடக்கிறவங்களைத்தான் இறக்கிக் காட்டினாங்க. நான் கேட்டிருக்கணும்” என்றார். ஆஸ்பத்திரியில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அதனால் அவரைத் திட்டவில்லை.

சதீஷ் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தான். அவன் செருப்பு கட்டிலுக்கு எட்டத்திலேயே நின்றது.

“யக்கா, எங்களாலதான்னு ஏழுமலை அண்ணன் சொன்னாரு.”

“உங்களாலதான்.”

“நல்லா பாத்துக்கணும்னுதான்க்கா…”

“தெரியும்டா. என்னக் கேட்டியா? வாயத் தொறந்து சொன்னேன் இல்ல, படுக்க வைன்னு. கேட்டியா?”

அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஹார்லிக்ஸைக் கலக்கச் சொன்னேன்.

திறந்த மூலை மூடவே இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா உட்காரும் நேரத்தை மாத்திரைபோல அளந்து கொடுத்தார். முதலில் கால் மணி, பிறகு படுத்துவிட வேண்டும். சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவக்கவில்லையென்றால் கொஞ்சம் கூட்டலாம். வெள்ளத்தில் தப்பிய என் நாற்காலியில் முதல் தடவை உட்கார்ந்தபோது தலை சுற்றியது. எதிரே தனத்தின் முகம் நேராக இருந்தது. அவள் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டாள். அதோடு மறுபடி உப்புச் சண்டை ஆரம்பித்தது.

அரை மணி உட்காரலாம் என்கிற நிலைக்கு வந்திருந்தபோது, அடுத்த மழைக்கு முன்னால் அதிகாரிகள் ஒரு கூட்டம் போட்டார்கள். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு. நான் படுத்தபடி செல்போனில் அடித்து அனுப்பிய மனுக்களின் தொல்லை தாங்காமல் என்னையும் கூப்பிட்டார்கள். குட்டியானையில் மெத்தை போட்டு, குப்புறப் படுத்துப் போய், வாசலில் நாற்காலிக்கு மாறினேன். சொன்ன நேரத்தில் பெரிய அதிகாரி வரவில்லை. வந்ததும் பொன்னாடை. பிறகு வரவேற்புரை. மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தரப்படும் என்று ஒருவர் படித்தார். என் இரண்டு கையும் நாற்காலியை ஊன்றி ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தன. தனம் கடிகாரத்தைக் காட்டினாள்.

“சார், நான் பேசணும்.”

“உங்க பேரு கடைசியில வருதும்மா. கொஞ்சம் பொறுங்க.”

“பொறுத்தா புண்ணு தொறந்துக்கும் சார். எனக்கு உக்கார்ற நேரம் முடியப்போவுது.”

பதிலுக்குக் காத்திருக்காமல் பேசிவிட்டேன். புயலில் நடந்ததைச் சொன்னேன். கூச்சப்படாமல் எந்த இடத்தில் புண் என்பதையும் சொன்னேன். “முன்னுரிமைன்னு எழுதறத விடுங்க. வெயில் காயற நாள்ல எங்க வூட்டுக்கு ஆள அனுப்புங்க. என்னத் தூக்கிப் பாக்கட்டும். சேரோட தூக்கிப் பாக்கட்டும். தண்ணிக்குள்ள நின்னுக்கினு கத்துக்க முடியாது. கண்ணு தெரியாதவங்களுக்கு எந்தப் பக்கம் வழி சொல்லணும், காது கேக்காதவங்களுக்கு உங்க மைக்க வச்சிக்கினு எப்படிச் சொல்லப்போறீங்க, அவங்களயே கேளுங்க. கூட இருக்கறவங்களப் பிரிக்காதீங்க. ஆஸ்பத்திரி மாடிக்கும் இதேதான். அவ்ளோதான். நான் போறேன்.”

“அருமையான கருத்து, குறிச்சிக்கிறோம்” என்றார் மேடையில் இருந்தவர். கைதட்டினார்கள். கைதட்டல் எனக்குப் பிடிக்காது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் செய்வதில்லை.

வெளியே வந்தேன். ஏழுமலையும் தனமும் என்னை வண்டிமேல் மெத்தைக்கு மாற்றினார்கள். குப்புறப் படுத்ததும் தனம் துணியை விலக்கிப் பார்த்து, “செவக்கல அண்ணி” என்றாள். அப்போது காக்கி பேன்ட்டும் கறுப்பு பூட்ஸும் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றன. கழுத்தைத் திருப்பினேன். தீயணைப்புத் துறை ஆள். நாற்பது வயது இருக்கும். கூட்டத்தின் நடுவில் எழுந்து வந்திருக்கிறார்.

“ஒரு நிமிஷங்க. போன வெள்ளத்துல நானும் நெறைய பேரத் தூக்கினேன். அக்குள்ல ஒரு கை, முட்டியில ஒரு கை. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க.”

“யார வச்சி சொல்லிக் குடுத்தாங்க?”

“எங்க ஆளுங்களயே வச்சித்தான். அதான் கேக்கலாம்னு வந்தேன். உங்கள மாதிரி ஒருத்தரத் தூக்கணும்னா எங்க புடிக்கணும்?”

இவ்வளவு நாளில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள்.

“தனம், நீ என் பக்கத்துல படு.”

“ரோட்லயா அண்ணி? புதுப் புடவ.”

“படுடி.”

முனகிக்கொண்டே வண்டியில் ஏறி என் பக்கத்தில் குப்புறப் படுத்தாள். நான் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினேன். அந்த ஆள் தொப்பியைக் கழற்றி ஏழுமலையிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தனத்தின் இடுப்புப் பக்கம் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

“இங்கியா?”

“இல்ல,” என்றேன். “இன்னும் கீழ.”